மூடும் முன் பார்த்தாயா? – சேலத்தில் ஐந்து நாள்

நாள் 1, வியாழன்: மேட்டூர்

இரவு ரயில் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டபோது மணி ஐந்துகூட ஆகவில்லை. ஆட்டோ பிடித்துப் புது பஸ் ஸ்டாண்டு. ஒரு டீ. அங்கிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் பஸ்.

ஏன் வந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிவில் முடித்து மூன்று வருடம் ஆகிறது. முதல் ஒன்றரை வருடம் ஒரு காண்டிராக்டரிடம் குழாய் பதிக்கும் சைட்டில் இருந்தேன். அதற்கப்புறம் சென்னையில் குடிநீர்த் திட்டங்களுக்கு வரைபடம் போடும் ஆபீசில் வேலை. ஏற்காடு மலையில் ஒரு சிறிய கிராமத்துக்கு நான் போட்ட பைப்லைன் வரைபடம் இப்போது மேலதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அந்த மலையை நான் பார்த்ததே இல்லை. கணினித் திரையில் மட்டும் பார்த்திருக்கிறேன். அது உறுத்திக்கொண்டே இருந்தது. லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன்.

மேட்டூருக்கு முதலில் வந்தது தாத்தாவுக்காக. எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். காலையில் பேப்பர் வந்ததும் தாத்தா தலைப்புச் செய்தியைப் படிக்க மாட்டார். "மேட்டூர்ல எவ்வளவு?" என்று கேட்பார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்த எண்ணை வாசித்துச் சொல்வது என் வேலை. ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்துவிட்டால் வீடே சிரிக்கும். தள்ளிப்போன வருடங்களில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். 120 அடி என்பது எனக்கு அணையின் முழு நீர்மட்டமாகத் தெரியும் முன்பே தாத்தாவின் முகமாகத் தெரியும்.

இன்று அந்த அணையின் எதிரில் நின்றேன். 5,300 அடி நீளம். 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்தார்கள். 93.47 டி.எம்.சி. கொள்ளும். இதையெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் நேரில் பார்த்தபோது என்னை நிறுத்தி வைத்தது பதினாறு கண் மதகுதான். உபரி நீர் பெரிய அணையின் மேல் வழிவதில்லை. பக்கத்தில், தனியாக ஒரு வழி விட்டு, அங்கே கதவு வைத்திருக்கிறார்கள். வெள்ளம் எவ்வளவு வந்தாலும் முக்கியமான சுவரைத் தொடாமல் போக வேண்டும் என்று யாரோ நூறு வருடத்துக்கு முன் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். வடிவமைத்த எல்லிஸின் பெயரைத்தான் அந்த உபரிப் பாதைக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு இன்ஜினியருக்கு இதைவிட நல்ல மரியாதை என்ன இருக்கிறது!

நீர்மட்டம் குறையும் வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் கோபுரமும் தலை காட்டும் என்று மீன் கடை அக்கா சொன்னார். ஊர்களை எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் இந்தத் தண்ணீரைத் தேக்கினார்கள் என்பது அந்த நந்தியைப் பார்ப்பவர்களுக்கு மறக்காது. இப்போது நீர் நிறைய இருப்பதால் எதுவும் தெரியவில்லை. அணைமீன் வறுவல் இரண்டு துண்டு சாப்பிட்டேன். தாத்தாவுக்குப் போன் செய்து, பேப்பரைப் பார்க்காமல், நேரில் பார்த்து எண்ணைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "படி வழியா கீழ இறங்காதம்மா, வழுக்கும்" என்றார்.

நாள் 2, வெள்ளி: சுத்திகரிப்பு நிலையம்

மேட்டூருக்குப் பக்கத்தில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தேன். காலை பத்து மணிக்கு உள்ளே விட்டார்கள்.

சேலம்காரர்களிடம் கேட்டால் பாதிப் பேர், மேட்டூர் தண்ணீர் தானாக ஓடி வருகிறது என்று நினைக்கிறார்கள். அணை நிரம்பி இருக்கும்போதே அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 240 மீட்டர்தான். சேலம் நகரமோ 280-க்குக் கிட்ட. ஊர் அணையைவிட உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு குடமும் மோட்டார் ஏற்றி அனுப்பிய குடம். கரண்ட் போனால் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

அங்கே ஆய்வகத்தில் இருந்த அக்கா எனக்காக ஜார் டெஸ்ட் செய்து காட்டினார். கலங்கல் தெளிய எவ்வளவு படிகாரம் போட வேண்டும் என்று பார்க்கும் சோதனை. ஆறு கண்ணாடிக் குடுவைகள், ஆறிலும் ஆற்றுத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் படிகாரம் வேறு வேறு அளவு. முதலில் வேகமாகக் கலக்குகிறது, அப்புறம் மெதுவாக. கல்லூரியில் இந்தச் சோதனையை ஒரு முறை செய்திருக்கிறேன். அன்று என் கவனமெல்லாம் ரெக்கார்டு நோட்டில் இருந்தது. இன்று குனிந்து பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு நாலாவது குடுவையில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள். அவை ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டிக்கொள்கின்றன, இலவம்பஞ்சு மாதிரி ஆகின்றன, கனம் ஏறி மெல்ல இறங்குகின்றன. ஆறாவது குடுவையில் படிகாரம் அதிகம். ஆனால் தண்ணீர் நாலாவதைவிடக் கலங்கலாக இருந்தது. "நிறையப் போட்டா நல்லா ஆகும்னு நினைக்கக் கூடாதுங்க. மழை வந்தா ஒரு அளவு, வெயில்ல ஒரு அளவு. தினமும் பார்க்கணும்" என்றார். பதினோரு வருடமாகத் தினமும் பார்க்கிறாராம்.

கிளம்பும் முன் குளோரின் சோதனையும் காட்டினார். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். இங்கே போடும் அளவு, வழியில் குழாய் எவ்வளவு விழுங்கும் என்பதைக் கணக்கிட்டுப் போடுவது. குழாயில் விரிசல் இருந்தால் இவர் கணக்கு அத்தனையும் வீண். நிலையத்தில் இருப்பவரும் பள்ளம் தோண்டும் இடத்தில் நிற்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் ஒருவர் வேலை இன்னொருவர் கையில் இருக்கிறது.

சாயங்காலம் சேலம் திரும்பினேன். தங்குவது கன்னங்குறிச்சியில், தோழியின் வீட்டில். அவள் பெங்களூரில் இருக்கிறாள். அவள் அம்மா தட்டுவடை செட் வாங்கி வைத்துக் காத்திருந்தார்.

நாள் 3, சனி: தெருவில் ஒரு பள்ளம்

விடியற்காலை நாலரைக்கு அம்மா எழுப்பினார். "கண்ணு, இன்னைக்குத் தண்ணி வர்ற நாள். குளிக்கிறதுன்னா இப்பவே குளிச்சுக்க." சில நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீர். தெரு முழுக்க விளக்கு எரிகிறது. சம்ப் மூடி திறக்கும் சத்தம், குடம் உருளும் சத்தம்.

வெளியே வந்தேன். தெருமுனையில் வால்வு திறப்பவர், நீண்ட இரும்புச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். எத்தனை சுற்று என்று கேட்டேன். "இது பதினாலு சுத்து பாப்பா. ஆனா பதினொண்ணோட நிறுத்திடுவேன். முழுசாத் திறந்தா பள்ளத்துத் தெருவுக்கே எல்லாம் போயிடும். மேட்டுத் தெருவுக்காரங்க என் சட்டையப் பிடிப்பாங்க."

நாங்கள் வரைபடம் போடும்போது ஒற்றைத் தள வீட்டுக்கு 7 மீட்டர் அழுத்தம், அதாவது தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறும் அழுத்தம், ஒரு மாடி இருந்தால் 12 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுவோம். நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் நிற்கிறது என்று எடுத்துக்கொள்வோம். இங்கே எல்லா வீடும் ஒரே இரண்டு மணி நேரத்தில் இழுக்கின்றன. மற்ற நேரத்தில் குழாய் காலி. காலிக் குழாய் சும்மா இருக்காது. பக்கத்துச் சாக்கடையின் ஈரத்தை விரிசல் வழியே உறிஞ்சும். எங்கள் கணக்குக்கும் இந்தத் தெருவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஒருவர் மூன்று சுற்றுக் குறைத்துத் திருகிச் சமாளிக்கிறார். எந்த வரைபடத்திலும் அந்தப் பதினொன்று இல்லை. குறித்து வைத்துக்கொண்டேன்.

மதியம் அஸ்தம்பட்டிப் பக்கம் நடந்தபோது குழாய் பதிக்கும் வேலை நடப்பதைப் பார்த்தேன். கால் தானாக நின்றுவிட்டது. பள்ளத்தின் ஓரத்தில் டேப்பும் நோட்டுமாக ஒரு பையன். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமாம். நானும் இதே வேலையில்தான் ஆரம்பித்தேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. சேலம் மண் பாதி பாறை. பிரேக்கர் வைத்து உடைத்திருக்கிறார்கள். அடியில் கூரான கற்கள். அதன் மேல் மணல் பரப்பிய பிறகுதான் குழாய் இறங்க வேண்டும். பரப்பியிருந்தார்கள். பையன் கம்பி விட்டு ஆழம் பார்த்தான்.

குழாய் இணைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்புக் குழாயின் ஒரு முனை அகன்றிருக்கும். அதன் உள்ளே ஒரு காடி. காடியில் ரப்பர் ரிங்கை உட்கார வைக்க வேண்டும். அடுத்த குழாயின் ஒல்லியான முனைக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, நேராகப் பிடித்து, உள்ளே தள்ள வேண்டும். முனையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடு எதுவரை உள்ளே போகிறது என்பதை வைத்து இணைப்பு முழுதாகப் போனதா என்று சொல்லலாம். கேட்கச் சுலபம். ஒரு சிறு கல் காடியில் இருந்தாலோ, ரிங் ஓரிடத்தில் மடிந்தாலோ, போயிற்று. இன்று பார்த்த பிட்டர் அண்ணன் குழாயைத் தள்ளும் முன் கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ரிங்கைச் சுற்றி விரலை ஓட்டினார். முழுச் சுற்று. ஓரிடத்தில் விரல் நின்றது. ரிங்கை வெளியே எடுத்து, காடியைத் துணியால் துடைத்து, மறுபடி வைத்தார். துணியில் ஒட்டி வந்தது கடுகளவு ஜல்லித் துகள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

முதல் வேலையில், வேறொரு மாவட்டத்தில், ஒரு நாள் பதினாலு இணைப்பு நடந்தது. ஒன்பதைத்தான் பார்த்தேன். நடுவில் மணல் லாரி வந்துவிட்டது என்று அளவெடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது பள்ளத்தை மூடியிருந்தார்கள். இருட்டவும் ஆரம்பித்துவிட்டது. ரிஜிஸ்தரில் பதினாலும் "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து நாள் கழித்துத் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றினோம். கேஜில் முள் ஒன்பது கிலோவில் நின்றது. அரை மணி நேரத்தில் ஆறுக்கு இறங்கிவிட்டது. எந்த இணைப்பு என்று தெரியாது. ஐந்து இடத்தில் தோண்டினோம். இரண்டு நாள். ஒரு வயதான அம்மா தலையில் குடத்தோடு பலகை மேல் நடந்து பள்ளத்தைத் தாண்டிக்கொண்டே, "மறுபடியுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கடைசியில் கிடைத்தது நான் பார்க்காத ஐந்தில் ஒன்று. ரிங் மடிந்திருந்தது.

அன்று பெரியவர், எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜரை அப்படித்தான் கூப்பிடுவோம், திட்டவில்லை. ரிஜிஸ்தரைத் திருப்பி என் கையெழுத்தின் மேல் விரலை வைத்து, "நீ பார்த்தியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். "மூடினதுக்கு அப்புறம் முப்பது வருஷம் இதை யாரும் பார்க்கப் போறதில்லை. கடைசியாப் பார்க்கிற கண்ணு உன்னுதுதான். அதுக்குத்தான் உனக்குச் சம்பளம்."

அப்போது என் சம்பளம் கையில் பதினாறாயிரம். குறைவு என்று அழுதிருக்கிறேன். இன்றும் குறைவு என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த வேலையைச் சின்ன வேலை என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கட்டடம் தெரியும், பாலம் தெரியும். எங்கள் வேலை மண்ணுக்கு அடியில். அதைப் பார்த்த ஒரே படித்த ஆள், வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமான ஒரு பையனாகவோ பெண்ணாகவோ இருக்கிறான், இருக்கிறாள்.

நாள் 4, ஞாயிறு: ஏற்காடு

காலை முதல் பஸ். கோரிமேடு தாண்டி அடிவாரம், அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பலகையில் எண். அடிவாரத்திலிருந்து உச்சிக்குக் கிட்டத்தட்ட 1,200 மீட்டர் ஏற்றம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். மேலே இருந்து கீழே ஒரே குழாயாக விட்டால் 120 கிலோ. எந்தச் சாதாரணக் குழாயும் தாங்காது. மலையில் வேலை செய்பவர்கள் அதனால்தான் நடுநடுவே தொட்டி கட்டி, தண்ணீரைக் காற்றில் திறந்துவிட்டு, அழுத்தத்தைச் சுழியமாக்கி மறுபடி அனுப்புகிறார்கள். எட்டாவது வளைவில் பனி வந்து கண்ணாடியை மூடிவிட்டது.

ஏரியையும் படகையும் தாண்டி, காபித் தோட்டங்களின் நடுவே இன்னும் ஒரு மணி நேரம். கிராமத்தின் பெயரை எழுதவில்லை. மலையாளி பழங்குடி மக்களின் ஊர், அறுபது எழுபது வீடு இருக்கும். தண்ணீர் திறந்துவிடும் அண்ணன் காத்திருந்தார். மேலே ஓடையில் சிறு தடுப்பணை. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கறுப்புக் குழாய். ஊர்த் தொட்டிக்கு மோட்டார் இல்லாமல் தானாக வரும் தண்ணீர். அது பழைய லைன். அதன் பக்கத்திலேயே புதிதாகப் போடத்தான் என் வரைபடம்.

சட்டைப்பையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு லைன் நெடுக நடந்தேன். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். காட்டுமாடு மிதித்து நசுங்கிய குழாய்த் துண்டு ஒன்று ஓரமாகக் கிடந்தது. முதல் ஒரு கிலோமீட்டர் என் கோடு சரியாக இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம் அண்ணன் நின்றார். "இங்கதாங்க தொந்தரவு."

குழாய் ஒரு பாறை மேட்டின் மேல் ஏறி இறங்கியது. என் வரைபடத்தில் அந்த இடம் ஒரே சரிவு. மேடே இல்லை.

செயற்கைக்கோள் உயரத் தகவலை வைத்துத்தான் நான் கோடு போட்டேன். அதில் முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி. அகலம் இருபது மீட்டர்கூட இல்லாத பாறை அந்தப் புள்ளிகளுக்கு நடுவே நழுவிவிட்டது.

அண்ணன் குனிந்து குழாயின் முதுகில் செருகியிருந்த ஒரு மரக்குச்சியைக் காட்டினார். யாரோ ஆணியைக் காய்ச்சி இறக்கிய ஓட்டை, அதை அடைக்க ஒரு குச்சி. பிடுங்கினார். ஸ்ஸ்ஸ் என்று காற்று. நிற்கவே இல்லை. நான் வாட்சைப் பார்த்தேன், நாலு நிமிடம். பிறகு துப்பித் துப்பி நுரைத் தண்ணீர், பால் மாதிரி. அப்புறம் தெளிந்து விரல் தடிமனுக்கு எகிறியது. குச்சியை எச்சில் தொட்டு மறுபடி அடித்து இறுக்கினார். "வாரம் ஒருக்கா வந்து காத்து புடுங்கணும். நான் காய்ச்சல்ல படுத்துட்டா ஊருக்குத் தண்ணி இல்ல" என்றார்.

மேட்டில் மாட்டிக்கொண்ட காற்று தண்ணீருக்குக் கதவைச் சாத்துகிறது. காற்று வால்வு ஒன்று வைத்தால் தானாகவே வெளியே விடும். புத்தகத்தில் ஒரு பாரா. என் வரைபடத்தில் அந்த வால்வு இல்லை, ஏனென்றால் மேடு இல்லை. நான் போட்ட கோட்டின்படி புது லைன் பதித்திருந்தால் இந்த அண்ணன் புதுக் குழாயிலும் ஆணி இறக்கியிருப்பார்.

உயர வித்தியாசம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவி கொண்டுவரவில்லை. ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் டியூப் லெவல் இரவல் கிடைத்தது. தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். ஒரு முனையை அண்ணன் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, படிப்படியாக ஏறி அளந்தோம். ஒன்றரை மணி நேரம். மேடு 3.4 மீட்டர். ஒருமுறை திருப்பி அளந்தோம், 3.4 தான். வரைபடத்தில் அந்த இடத்தில் பென்சிலால் எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டேன்.

அண்ணன் வீட்டில் கறுப்புக் காபி கொடுத்தார்கள், சொந்தக் கொட்டை. அண்ணி கேட்டது ஒன்றுதான்: "வால்வுக்குக் கட்டுற பெட்டிக்கு மூடி எப்படி வைப்பீங்க? சிமெண்டு மூடின்னா எங்களால தூக்க முடியாது. திறந்து விட்டா பசங்க கல்லைப் போடும்." அதையும் எழுதிக்கொண்டேன்.

நாள் 5, திங்கள்: கன்னங்குறிச்சி, கருப்பூர்

காலையில் மூக்கனேரிக் கரையில் ஒரு நடை. சேர்வராயன் மலையில் பெய்யும் மழை இறங்கி வரும் ஏரி. 2010 வாக்கில் ஊர் மக்களே சேர்ந்து தூர் வாரியது. அள்ளிய வண்டலைக் குவித்துத் திட்டுகளாக்கி மரம் வைத்தார்கள். இன்று அதில் நாரையும் நீர்க்காகமும்.

பிறகு கருப்பூர். அரசு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் நாலு பேர், தோழி மூலமாகத் தெரிந்தவர்கள், டீக்கடையில் காத்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் கேள்விதான். சம்பளம் எவ்வளவு, அக்கா? சொன்னேன். ஐ.டி.க்குப் போய்விடலாமா? வீட்டில் கடன் இருந்தால் போவது தப்பில்லை என்றேன். சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கு இரண்டு வருடம் உட்காரலாமா? உட்காருங்கள், ஆனால் ஆறு மாதமாவது சைட்டில் நின்றுவிட்டு உட்காருங்கள் என்றேன். ஒரு பெண் தயங்கித் தயங்கி, சைட்டில் பாத்ரூமுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மற்ற கேள்விகளைவிட இது முக்கியமானது. தண்ணீர் குடிக்காமல் நாளை ஓட்டி எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்ததைச் சொன்னேன். இரண்டாவது சைட்டில், சேரும் முன்பே, கழிப்பறை எங்கே என்று கேட்டு, ஷெட்டுக்குப் பக்கத்தில் கட்ட வைத்ததையும் சொன்னேன். அதைக் கேட்க வெட்கப்படாதே, வேலைக்கான நிபந்தனையாகவே கேள் என்றேன். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோகிறவள் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது அநியாயம்.

நேற்றைய மேட்டைப் பற்றிச் சொன்னதும் அவள்தான் பென்சில் குறிப்பை வாங்கிப் பார்த்தாள். "டியூப் லெவல்ல 3.4 சரி. ஆனா ஆட்டோ லெவல் வச்சு இன்னொரு தடவை பார்க்க வேண்டாமாக்கா? எங்க சர்வே லேப்ல கேட்டுப் பார்க்கிறேன்" என்றாள்.

ரயிலில் ஏறும் முன் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். கையெழுத்துப் போட வேண்டாம், வரைபடம் மாறுகிறது என்றேன். எத்தனை நாள் என்று கேட்டார். இரண்டு வாரம் கேட்டிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி வருகிறேன். அந்த நாலு பேரும் வருகிறார்கள். புது பஸ் ஸ்டாண்டு, காலை ஆறு மணி, ஏற்காடு பஸ் நிற்கும் இடம். நனையாத நோட்டு, பிடிப்புள்ள ஷூ, மதியச் சாப்பாடு. அண்ணன் அடுத்து அன்றைக்குத்தான் காற்று பிடுங்குவாராம். எட்டரைக்குள் மேட்டில் இருந்தால் அதையும் பார்த்துவிடலாம்.